படமும் குறிப்பும்

விசாரிப்பவர் என்றொரு வகை மனிதர் நம்மிடையே உலாவுகிறார். பொலிஸ்காரரைச் சொல்லவில்லை. பொலிஸ்காரர் சம்பளத்துக்கு விசாரிக்கிறவர். வேலை முடிந்ததும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மனிதராகிவிடுவார். நான் சொல்லுகிறவருக்குச் சம்பளமும் இல்லை, தொப்பியும் இல்லை, ஓய்வும் இல்லை. குடை வாங்கக் கடைக்குப் போவார். விரிப்பார், மடக்குவார், கம்பிகளை எண்ணுவார், துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், போன வருடம் இதே கடையில் குடை வாங்கியவர் யார், அவர் இப்போது எங்கே, அந்தக் குடை இப்போது எங்கே என்றெல்லாம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, "பொறுங்கோ, இன்னும் ஒரு இடத்தில விசாரிச்சுப்போட்டு வாறன்" என்று படியிறங்கி, மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போவார். தடிமன் பிடிக்கும். உடனே தடிமனுக்கு எந்த மருந்து நல்லது என்று விசாரிக்கத் தொடங்குவார்.

அவசரப்பட்டு அவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். கஞ்சனுக்குக் காசு போய்விடுமோ என்று பயம். இவருக்கு விசாரணை முடிந்துவிடுமோ என்று பயம்.

இந்த வகையில் நான் மிகவும் கிட்ட நின்று பார்த்த ஒருவர் இருக்கிறார். பெயர் நாகமுத்து. வயது ஐம்பத்து நாலு. வேலணையில் பஸ் நிற்கிற சந்தியில், ஒரே மகளின் பெயரில், 'கோபிகா ஸ்ரூடியோ' என்று படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். அரைக்கைச் சட்டையின் பையில் எப்போதும் நாலைந்து மடித்த தாள்களும் இரண்டு பேனைகளும் இருக்கும். ஒன்று எழுத. மற்றது, முதலாவதை விட நன்றாக எழுதுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க. ஊர்காவற்றுறையிலிருந்து மீன் கொண்டுவருகிற கத்தரீனா அவருக்கு முன்னால் கூடையை இறக்கவே மாட்டாள். "நாகமுத்தண்ணை, நீங்கள் விசாரிச்சு முடியிறதுக்குள்ள என்ரை பாரை மீன் கருவாடாப் போடும்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவாள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கருவாட்டுக்கு இப்போது என்ன விலை என்று கேட்பார்.

அவருடைய தொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நாளில் தீவுப்பகுதிக் கலியாணங்கள் கடித உறைக்குள்தான் தொடங்கின. மாப்பிள்ளை ரொறன்ரோவில் இருப்பார், பெண் வேலணையில் இருப்பாள், ஆகவே இரு வீட்டாரும் முதலில் பேசுகிற வார்த்தை, "படமும் குறிப்பும் அனுப்புங்கோ" என்பதாக இருக்கும். குறிப்பு என்றால் எங்கள் பக்கத்தில் சாதகம். வேறு எதையாவது மறக்காமல் இருக்க எழுதி வைத்தாலும் அதுவும் குறிப்புத்தான். நாகமுத்து இரண்டையும் ஒரே கடையில் முடித்துக் கொடுப்பார்: பெண்ணை உட்காரவைத்துப் படம் பிடிப்பார், பழுப்பேறிய பழைய சாதகத்தைப் பார்த்து, பிள்ளையார் சுழியும் பன்னிரண்டு கட்டங்களும் அச்சடித்த புதுத் தாளில், முத்து முத்தான எழுத்தில் பிரதி பண்ணிக் கொடுப்பார். அந்த அச்சுத் தாள்கள் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவை கிடந்ததால்தான் இந்தக் கதையே வந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் சண்டை நின்று கொழும்புப் பாதை திறந்திருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்து ஸ்ரூடியோக்களில் ஒவ்வொன்றாகக் கொம்பியூட்டர் வந்து இறங்கியது. அதோடு மனித முகங்களும் மாறின. பரு மறைந்தது, மூடின கண் திறந்தது, மூன்றாம் தரக் கமராவில் பிடித்த படத்துக்குப் பின்னால் சுவிற்சர்லாந்து மலை எழும்பியது. பெற்றோரின் அறுபதாம் கலியாணத்துக்கு விசா கிடைக்காமல் போன மூத்த மகன்கூட, படத்தில் மட்டும் பட்டுவேட்டியோடு வந்து நின்றான். வேலணைச் சனமும் நாகமுத்துவிடம் வந்து, "அண்ணை, உங்களிட்டயும் அந்த மெசின் வருமோ?" என்று கேட்டது.

"பொறுங்கோ," என்றார் நாகமுத்து. "விசாரிக்கிறன்."

உண்மையில் அவருக்குக் கொம்பியூட்டர் வேண்டியிருந்தது ஊருக்காக அல்ல. மகள் கோபிகாவுக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. எட்டு வயதில் அவளைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு அவர் போனபோது, நடுத்தெருவில் ஒரு மாடு நின்றது. மாட்டுக்கு இடப்பக்கத்தால் போவதா வலப்பக்கத்தால் போவதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சைக்கிள் நேராக மாட்டில் போய் முட்டிவிட்டது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைக்கு ஐந்து தையல். அது நடந்து பத்தொன்பது வருடம். ஊரில் இருக்கிற மற்றப் பெண்களையெல்லாம் வடிவாகப் பிடித்த கையால் சொந்த மகளை ஒருநாளும் நேராகப் பிடிக்கவில்லை. எப்போதும் வலப்பக்கம் திரும்பச் சொல்லுவார்.

இப்போது கோபிகாவுக்கு இருபத்தேழு. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்த அன்னபூரணத்தின் மகன் சுஜிதன், அவளோடு ஒரே வகுப்பில் படித்துவிட்டு ரொறன்ரோவுக்குப் போனவன், கட்டினால் கோபிகாவைத்தான் கட்டுவேன் என்று தாய்க்குச் சொல்லியிருந்தான். கோபிகாவுக்கும் அதுதான் விருப்பம் என்பது அவள் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். கனடாவில் பனி கூடவோ என்று நாளுக்கு இரண்டு தரம் கேட்டால் தெரியாமல் போகுமா? அன்னபூரணம் முறைப்படி ஆளனுப்பினார்: படமும் குறிப்பும் வரட்டும், பொருத்தம் பார்ப்போம்.

படம் உடனே போகவேண்டாமா? போகவில்லை. தழும்பு இல்லாத படம் அல்லவா போகவேண்டும்! அதைத் தன் கையால் செய்யவேண்டும். கையால் செய்யக் கொம்பியூட்டர் வேண்டும். கொம்பியூட்டர் வாங்க விசாரிக்கவேண்டும். எட்டு மாதம் போயிற்று.

சரி, விசாரணையைப் பார்ப்போம். முதலில் கடல் கடந்த விசாரணை. பாரிசில் இருக்கிற அக்கா மகன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவன், ஆனாலும் கேட்டார். "மாமா, புறொசசர்தான் உயிர்" என்றான் அவன். ரொறன்ரோவில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி, "இப்ப ஆர் பெட்டி வாங்கினம்? லப்ரொப்தான்" என்றான். அவரிடம் படம் பிடிக்கப் பழகி இப்போது லண்டனில் இருக்கிற ஒருவன், "அண்ணை, ஒரு ஆறு மாசம் பொறுங்கோ, புதுசு ஒண்டு வரப்போகுது" என்றான். மூன்று பேரில் யாரை நாகமுத்து நம்பினார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பிறகு உள்ளூர் விசாரணை. யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த றஜீபன் பொறுமைசாலியான இளைஞன். அந்தப் பொறுமையை நாகமுத்து மாதத்துக்கு நாலு தரம் பஸ் ஏறிப் போய்ச் சோதித்தார்.

"அண்ணை, படவேலைக்கு முதல் ராமைக் கூட்டுங்கோ. ஒரு படத்தைத் திறந்து நாலு பிரதி எடுத்தாலே மெசின் மூச்சு வாங்கும். மற்றதெல்லாம் பேந்து பாப்பம்."

"எவ்வளவு கூட்ட வேணும்?"

"ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி காணும்."

"காணும் எண்டு நீர் எப்பிடிச் சொல்லுறீர்? ஆரேன் காணாது எண்டு சொல்லியிருக்கினமோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை."

"அப்ப நீர் வடிவா விசாரிக்கேல்லை."

மொனிற்றர்தான் அவரை வாட்டி எடுத்தது. படவேலைக்கு நிறம் முக்கியம் என்று எங்கேயோ வாசித்துவிட்டார். சிவப்புக் கூறைச்சேலை உடுத்த ஒரு மணப்பெண்ணின் படத்தைச் சீடியில் போட்டுக்கொண்டு, அதே படத்தின் அச்சுப் பிரதியையும் கையில் பிடித்துக்கொண்டு, பட்டினத்தில் பன்னிரண்டு கடை ஏறி இறங்கினார். பன்னிரண்டு மொனிற்றரில் பன்னிரண்டு சிவப்பு. ஒன்றில் செங்கல், ஒன்றில் செவ்விளநீர், ஒன்றில் பீற்றூட். குண்டு மொனிற்றரில் நிறம் நல்லது, ஆனால் மேசை முழுவதையும் பிடிக்கிறது. தட்டை மொனிற்றர் வடிவு, ஆனால் தலையைக் கொஞ்சம் சரித்தால் மணப்பெண் கறுத்துப்போகிறாள். தலையைச் சரித்தும் நிமிர்த்தியும் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டு, பஸ்ஸில் வலப்பக்கம் மட்டும் பார்த்தபடி வீடு வந்து சேர்ந்தார். பண்ணைப் பாலத்துக் காவலரணில் பஸ்ஸை மறித்த கடற்படைக்காரனிடம்கூட உங்கள் முகாமில் என்ன மொனிற்றர் என்று கேட்டிருப்பார். சிங்களம் தெரியாததால் தப்பினார்.

இப்படிச் சேர்ந்த தகவலையெல்லாம் ஒரு தாளில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமே. பன்னிரண்டு கடை. பன்னிரண்டு கட்டம் அச்சடித்த தாள் கையருகில் கட்டுக்கட்டாக. கேட்கவேண்டுமா? கட்டத்துக்கு ஒரு கடை என்று வைத்து, எந்தச் சாமான் எந்தக் கடையில் மலிவோ அந்தக் கட்டத்தில் அதன் முதலெழுத்தை எழுதினார். புறொசசருக்கு 'பு'. ராமுக்கு 'ரா'. கேசிங்குக்கு 'கே'. விஜிஏ காட்டுக்கு 'வி'. சவுண்ட் காட்டுக்கு 'ச'. மவுசைப் பத்திரிகையில் சுட்டி என்று போட்டிருந்தார்கள், ஆகவே அதற்கு 'சு'. சூடு தணிக்கிற காற்றாடிக்கு 'சூ'. எல்லாவற்றையும் தாங்குகிற மதர்போட்டுக்கு எழுத்தே தேவையில்லை என்று விட்டுவிட்டார். கடைசிவரை தீராத மொனிற்றர் பிரச்சினைக்கு, ஒரு கட்டத்தில் தனியாக, 'சந்.' என்று எழுதினார். சந்தேகம் என்பதன் சுருக்கம். மேலே 'பெயர்' என்ற இடத்தில் ஸ்ரூடியோவின் பெயரைப் போட்டார்: கோபிகா. 'பிறந்த திகதி' வெறுமையாகக் கிடந்தது. இந்தத் தாளுக்கு அவர் வைத்த பெயரும் குறிப்புத்தான். "என்ரை குறிப்பை ஆரும் எடுத்தனீங்களோ?" என்று வீட்டில் சத்தம் போடுவார்.

வாசகரே, இந்த இடத்தில் நாகமுத்துவைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு சிரியுங்கள். கோபிகாவின் உண்மையான குறிப்பில் செவ்வாய் ஏழாம் வீட்டில் நின்றது. செவ்வாய்க் குற்றம் என்று அன்னபூரணம் ஏற்கெனவே இரண்டு சம்பந்தத்தைத் தட்டிக்கழித்தவர். அதற்கும் நாகமுத்து விசாரித்திருந்தார். ஒரு சாத்திரியார் நிவர்த்தி உண்டென்றார், மற்றவர் இல்லையென்றார், மூன்றாமவரைத் தேடிக்கொண்டிருந்தார். கொம்பியூட்டர் வாங்காதவரைக்கும் படம் போகாது. படம் போகாதவரைக்கும் குறிப்பும் போகாது. குறிப்பு போகாதவரைக்கும் 'வேண்டாம்' என்ற பதில் வராது. ராமும் மொனிற்றரும் அவருக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம். பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்கப் பயந்த தகப்பன், பட்டினத்தில் பன்னிரண்டு சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனி மாதம் பிறந்ததும் இறுப்பிட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஆனி முடிவதற்குள் படமும் குறிப்பும் வராவிட்டால், நயினாதீவில் வந்திருக்கிற சம்பந்தத்துக்கு ஓம் சொல்லிவிடுவோம். ஆவணியில் மகன் லீவில் வருகிறான். வந்தவன் சும்மா திரும்பிப் போகமாட்டான்.

மனைவி சத்தியபாமா குசினிக்குள் இருந்து வெளியே வந்தார். "இஞ்சருங்கோ, நீங்கள் அந்தப் பெட்டியை வாங்குங்கோ, வாங்காமல் விடுங்கோ. இண்டைக்குப் படம் போகவேணும்."

"தழும்போடயோ?"

"அப்பா," என்றாள் கோபிகா. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று அவள் கையில் இருந்தது. நேராகப் பார்த்தபடி, தழும்பும் சேர்ந்து. "இதை அனுப்புங்கோ. சுஜிதன் இந்த நெத்தியைப் பத்து வருசம் வகுப்பில பக்கத்து வாங்கில இருந்து பாத்தவர். நீங்கள் அழிச்சு அனுப்பினால், இது ஆர் எண்டு கேப்பார்."

கணித ஆசிரியை சொன்னால் மறுக்க வழியில்லை. நாகமுத்து அன்று காலையே இரண்டு காரியத்தையும் முடித்துவிடுவது என்று வீரமாகத் தீர்மானித்தார். ஒரு கடித உறையில் மகளின் படமும் குறிப்பும், இறுப்பிட்டிக்கு. இன்னொன்றில் கொம்பியூட்டர் குறிப்பு, றஜீபனுக்கு. அதில் உள்ளபடி கடை கடையாகச் சாமான் சேர்த்துப் பூட்டித் தரச்சொல்லி. இரண்டு தாளும் ஒரே அச்சு, ஒரே கையெழுத்து, ஒரே மடிப்பு. சத்தியபாமா வேறு, குறிப்பென்றால் மங்கலமாகப் போகவேண்டும் என்று இரண்டுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் பூசி வைத்திருந்தார். நாகமுத்து விலாசத்தை மூன்று தரம் சரிபார்த்தார். பசை ஒட்டியிருக்கிறதா என்று நாலு பக்கமும் தடவினார். புங்குடுதீவு பஸ் நடத்துநரிடம் ஒன்றையும் யாழ்ப்பாண பஸ் நடத்துநரிடம் மற்றதையும் கொடுத்து, பஸ் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்றும் விசாரித்தார். உள்ளே எந்தத் தாள் எதில் இருக்கிறது என்பதை மட்டும் விசாரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்துக் கொமினிக்கேசன் என்ற தொலைபேசிக் கடையில் அவருக்குக் கோல் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். றஜீபன்.

"அண்ணை, உங்கடை குறிப்பு கிடைச்சது. செவ்வாய் ஏழில நிக்குது."

"என்ன?"

"எனக்கும் வீட்டில பொருத்தம் பாக்கினம், அதால கொஞ்சம் வாசிக்கத் தெரியும். அதுக்குப் பொருந்திற மதர்போட் என்னட்டை இல்லை அண்ணை."

சிரித்தான் பாவி. நாகமுத்து சிரிக்கவில்லை. கொம்பியூட்டர் குறிப்பு இறுப்பிட்டிக்குப் போய்விட்டது. அன்னபூரணம் பிரித்துப் பார்த்திருப்பார். எங்களை வைத்துப் பகிடி விடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். நயினாதீவுக்கு ஓம் சொல்லியிருப்பார். பத்தொன்பது வருடத்துக்கு முன் மாட்டில் முட்டியவன் இப்போது மகளின் கலியாணத்தில் முட்டிவிட்டான்.

வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பட்டினத்துக்குப் போய் உண்மையான குறிப்பை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாள் காலை புங்குடுதீவு பஸ்ஸில் ஏறினார். கடலுக்கு நடுவே போகிற தாம்போதித் தெருவின் இரு பக்கமும் தண்ணீர் வற்றிக் கிடந்தது. வழி முழுவதும் அவர் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, நடத்துநர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, "அண்ணைக்குச் சுகமில்லையோ?" என்று விசாரித்தார்.

அன்னபூரணம் வாசல் படலைக்கே வந்துவிட்டார். "வாங்கோ தம்பி, நல்ல நேரத்தில வந்தியள். உள்ளுக்கு வந்து கதிரையில இருங்கோ."

உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். தம்பையா சாத்திரியார். அவர் மடியில், நாலு மூலையிலும் மஞ்சளோடு, நாகமுத்துவின் கொம்பியூட்டர் விரிந்து கிடந்தது.

"அக்கா, ஒரு பிழை நடந்துபோச்சு..." என்று நாகமுத்து தொடங்கினார்.

"பொறும்," என்றார் சாத்திரியார். விசாரிப்பவரையே பொறுக்கச் சொன்னார். "இந்தக் குறிப்பு ஆர் எழுதினது?"

"நான்தான்..."

"எழுத்து வடிவு. ஆனா நாற்பது வருசமாக் குறிப்புப் பாக்கிறன், இப்பிடி ஒண்டு நான் காணேல்லை. ராகுவும் கேதுவும் ஒரே வீட்டில நிக்கினம்!"

அவர் அதிர்ச்சி நியாயமானது. வானத்தில் ராகுவும் கேதுவும் என்றைக்கும் எதிரெதிர் வீடுகளில்தான் நிற்கும். ஒன்றுசேர வழியே இல்லை. ஆனால் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் ராமும் கேசிங்கும் சேர்ந்து நின்றன.

"ரண்டும் அங்கைதான் மலிவு," என்று நாகமுத்துவின் வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"என்ன சொன்னீர்?"

"இல்லை... வலிவு. அங்கைதான் ரண்டுக்கும் வலிவு எண்டன்."

"வலிவுதான்!" என்று சாத்திரியார் தொடையில் தட்டினார். "நான் அதைத்தான் யோசிச்சனான். புதன் நல்லா நிக்கிறான், வியாழன் நல்லா நிக்கிறான். சந்திரன் ஒரு வீட்டில தனிய."

அந்தச் சந்திரன் மொனிற்றரைப் பற்றிய சந்தேகம் என்று எப்படிச் சொல்வது? சாத்திரியாரோ, தெரியாது என்ற சொல்லை நாற்பது வருடமாக வாயில் எடுக்காதவர். குறிப்பில் ஏதோ பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதற்கு முதலில் தனக்கு விளங்கவில்லை என்று ஒத்துக்கொள்ளவேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "செவ்வாயைத்தான் காணேல்லை. மூண்டு தரம் தேடினன். ஒரு வீட்டிலயும் இல்லை."

"அதுதானே எனக்கு வேணும்!" என்றார் அன்னபூரணம். "ரண்டு சம்பந்தம் இந்தச் செவ்வாயாலதான் குழம்பினது. செவ்வாயே இல்லாத பிள்ளைக்குச் செவ்வாய்க் குற்றம் எங்காலை வரும்? சொல்லுங்கோ சாத்திரியார்."

சாத்திரியார் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் தேடினார். நீங்களென்றால் என்ன செய்வீர்கள்?

"பிறந்த திகதி போடேல்லை..." என்று இழுத்துப் பார்த்தார்.

"என்ரை மோனோட ஒரே வகுப்பில படிச்ச பிள்ளை. வயது எனக்குத் தெரியாதோ? பொருந்துதோ இல்லையோ, ஒரு சொல்லில சொல்லுங்கோ."

"பொருந்துது," என்றார் சாத்திரியார். வேறு என்ன சொல்வார்?

நாகமுத்துவின் கை சட்டைப்பைக்குப் போனது. உண்மையான குறிப்பின் மடிப்பு விரலில் பட்டது. ஒரு சொல் சொன்னால் போதும், ஒரு தாளை எடுத்து நீட்டினால் போதும். அவர் நேர்மையான மனிதர்தான். அதற்காகத்தானே பஸ் ஏறி வந்தார். அந்த நேரம் பார்த்து அன்னபூரணம் கோபிகாவின் படத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும். உங்களுக்கு இது தொழில். நீங்கள் நினைச்சிருந்தால் இந்தத் தழும்பை அழிச்சுப்போட்டு அனுப்பியிருக்கலாம். இப்ப எல்லாரும் அதைத்தானே செய்யினம். போன கிழமை வந்த நயினாதீவுப் பிள்ளையின்ரை படத்தில மூக்கு நிழலைக் கூடக் காணேல்லை." கண் கலங்கிவிட்டது அந்த மனுசிக்கு. "நீங்கள் உள்ளபடி அனுப்பினியள். ஒண்டையும் மறைக்காத ஆக்கள் எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன். குறிப்பு பேந்துதான்."

ஒன்றையும் மறைக்காத ஆளின் கை சட்டைப்பைக்குள் இருந்தது. எட்டு மாதம் அந்தத் தழும்பை மறைக்கப் பன்னிரண்டு கடை ஏறி இறங்கினவர் அவர். மறைக்க முடியாமல் போனதால் நல்லவர் என்று பெயர் வாங்கினார். பெயர் வாங்கின அந்த நிமிடத்திலேயே வேறொன்றை மறைத்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது கூட என்று விசாரித்துப் பார்க்க நேரமில்லை, தேத்தண்ணி வந்துவிட்டது. வலது கையால்தானே வாங்கவேண்டும். கை பைக்குள் இருந்து வெறுமையாக வெளியே வந்தது.

"என்ன பிழை எண்டு தொடங்கினியள் தம்பி?"

"அது... படத்தைக் கொஞ்சம் பெரிசா அனுப்பியிருக்கலாம் எண்டு."

வேலணையில் கோபிகா சந்தியிலேயே நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. தகப்பன் இறுப்பிட்டி பஸ்ஸில் போனதை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"என்னவாம் அப்பா?"

"ஓம் எண்டிட்டினம்."

"உண்மையாவோ?"

வாழ்நாளில் முதல் தடவையாக நாகமுத்து, பொறு, விசாரிப்பம் என்று சொல்லவில்லை. "உண்மைதான் பிள்ளை," என்றார். கோபிகா அவர் கையில் இருந்த குடையை வாங்கிக்கொண்டாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அவள் அதை விரித்துத் தகப்பனுக்குப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. படங்களைப் பட்டினத்து ஸ்ரூடியோ ஒன்றுதான் பிடித்தது. தழும்பைத் தொடக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அடுத்த வருடம் பேரன் பிறந்தான். தம்பையா சாத்திரியார் இப்போதும் குறிப்புப் பார்க்க வருகிறவர்களிடம், ராகுவும் கேதுவும் சேர்ந்து செவ்வாயே இல்லாமல் பிறந்த ஒரு அதிசயப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிறாராம். நாகமுத்துவோ உண்மையைச் சம்பந்திக்குச் சொல்வதா விடுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஒரு பக்கம் சொல்லத்தான் வேண்டும் என்று படுகிறது. மறுபக்கம் சுகமாக வாழ்கிற பிள்ளைகளைக் குழப்புவானேன் என்றும் படுகிறது. கொம்பியூட்டரா? மொனிற்றர் ஒன்றுதான் பாக்கி. தட்டையானதுக்கு விலை இன்னும் விழுமாம்.

இவ்வளவும் வாசித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா நீங்கள்? சுஜிதனின் குறிப்பில் செவ்வாய் எங்கே நின்றது என்று கேட்க நாக்கு உன்னுகிறது, இல்லையா? ஏழாம் வீட்டுச் செவ்வாய்க்கு நிவர்த்தி உண்டா என்று தெரிந்த ஒருவரிடம் கேட்கலாமே என்று ஒரு பெயர் மனதில் வந்துவிட்டது. அதற்கும் மேலே போய், சட்டைப்பைக்குள் இருந்த தாளை நாகமுத்து மனைவிக்கும் காட்டவில்லை, மகளுக்கும் காட்டவில்லை என்றால், அதைப் பற்றி இந்த எழுதுகிறவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது, நாகமுத்து என்பது மெய்யான பெயர்தானா, வேலணைச் சந்தியில் அப்படி ஒரு ஸ்ரூடியோ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மெல்ல விசாரணையைத் தொடங்கிவிட்டீர்கள்.

நல்லது. வாருங்கள், கடை திறந்துதான் இருக்கும். எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். சம்பந்தி வீட்டாரிடம் மட்டும் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள்.